ஒப்பமிடும் உரிமை

(காஞ்சிபுரத்தில் நம் சங்க மண்டபத்தில் நடைபெற்ற மாதக் கூட்டத்தில், தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

வழக்கமாக இம்மேடையில் யான் இலக்கியம் பேசுவேன். இன்று எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியம் அன்று. கணக்குத் தணிக்கை செய்வோர் பெறும் உரிமைச் சான்றைப் பற்றியது. தமிழாசிரியனுக்கும் தணிக்கைக்கும் என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். அவ்வுறவு ஓர் எழுத்துப் பிழையால் நேர்ந்தது. அப்பிழை என்னுடையது, ஆதலின் அதனைச் சொல்லும் கடமையும் என்னுடையதே.

நம்மவருள் தறிக்காரர் ஒருவரின் மகள் என்னிடம் தமிழ் பயின்றவள். அவள் அண்மையில் பட்டயக் கணக்கர் இறுதித் தேர்வில் தேறினாள். ‘ஆடிட்டர் படிப்பு’ என்று நாம் வாய்ப்பழக்கமாகச் சொல்வது அதுவே. அவர்கள் தெருவில் அவளுக்கு முன் அதனை முடித்தவர் ஒருவரும் இலர். செய்தி வந்த மறுநாளே தந்தையார் பெயர்ப்பலகைக்கு மரம் வாங்கிவந்து இழைத்து வைத்தார். அப்பலகை இன்றுவரை எழுத்தின்றித் தறிக்குழியருகே சாய்ந்து கிடக்கின்றது.

யாது காரணம்? தேர்வில் தேறுதல் வேறு. தொழில் செய்யும் உரிமை வேறு. 1949ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, அவ்வாண்டு ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பட்டயக் கணக்கர் சட்டத்தின்படி, தேறியவர் பயிற்சிக் காலத்தையும் நிறைவேற்றி, முதலில் உறுப்பினராகப் பதிவேட்டில் பெயர் சேர்க்கப்பெறல் வேண்டும். அதன்பின், தொழில் நடத்துவதற்கெனத் தனிச் சான்று பெறல் வேண்டும். அச்சான்று கைக்கு வரும்வரை பிறர் கணக்கின் கீழ் தணிக்கையாளராக ஒப்பமிட அவருக்கு உரிமை இல்லை. பயிற்சிக் காலம் நெடுநாள் மூன்றாண்டாக இருந்தது. 2023ஆம் ஆண்டின் புதிய திட்டத்தில் இரண்டாண்டாகக் குறைந்தது. ஆயினும் சான்றின்றி ஒப்பமில்லை என்னும் நெறி மாறவில்லை.

அவள் விண்ணப்பம் அனுப்பினாள். அது திரும்பி வந்தது. பள்ளிச் சான்றிதழில் அவள் பெயரின் முன் நிற்கும் தந்தை பெயரெழுத்து ஒன்று. ஏனைய ஆவணங்களில் உள்ளது மற்றொன்று. திருத்தம் பெற்று வருக என்பது குறிப்பு. அவர்கள் கேட்டதில் பிழையில்லை. பிழை, அவள் பத்தாம் வகுப்புப் பயின்ற ஆண்டில் மாணவர் பெயர்ப்பட்டியலை எழுதிய கையில் இருந்தது. அக்கை என் கை. மாணவர் கட்டுரைகளில் ஒற்று மிகுந்தாலும் குறைந்தாலும் சிவப்பு மையால் சுழிப்பவன் யான். ஒரு குழந்தையின் தந்தை பெயரில் ஓரெழுத்தைப் பிறழ எழுதி, அதனைச் சரிபாராமல் ஒப்பமும் இட்டிருக்கிறேன். பத்தாண்டு உறங்கிய அப்பிழை, அவள் வாழ்வின் வாயிற்படியில் விழித்துக்கொண்டது.

நாணத்தால் யான் மற்றொரு பிழையும் செய்யத் துணிந்தேன். “அம்மா, எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் சென்னையில் இருக்கிறார். அவரைக் கொண்டு ஒரு சொல் சொல்லச் செய்கிறேன், காரியம் விரைவில் முடியும்” என்றேன். அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்னர், “ஐயா, திருத்தம் கேட்டு நீங்கள் எழுத வேண்டிய கடிதத்தை எழுதிக் கொடுங்கள். அது போதும். சிபாரிசால் வந்த சான்றை வைத்துக்கொண்டு நாளை ஒருவர் கணக்கில் நான் எப்படிக் குற்றம் காட்டுவேன்?” என்றாள். அன்று யான் மாணாக்கன், அவளே ஆசிரியை. கேட்ட கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். திருத்தம் உரிய வழியிற் சென்றுகொண்டிருக்கிறது. அவளும் காத்துக்கொண்டிருக்கிறாள்.

இஃது இவ்வளவோடு நின்றிருந்தால் இக்கூட்டத்தில் சொல்லியிரேன். நம் சங்கமும் இதில் ஒரு பங்கு கொண்டமையின் சொல்கிறேன். நம் ஆண்டுக் கணக்கு தணிக்கைக்குக் காலந்தாழ்ந்து நிற்பதை நீங்கள் அறிவீர்கள். நம்முள் சிலர் அவள் வீட்டிற்குச் சென்று, “நம் பெண்தானே! நாள் குறியாமல் இப்போதே ஒப்பமிட்டுக் கொடு, சான்று வந்தபின் எண்ணையும் நாளையும் சேர்த்துக்கொள்வோம்” என்று கேட்டிருக்கிறார்கள். கைம்மாறாக ஒரு தொகையும் தருவதாகச் சொன்னார்கள். அவ்வீட்டில் படிப்புக்கு வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. அவளோ, “பெரியப்பா, அந்தக் கணக்கை நான் இன்னும் பார்க்கவேயில்லையே! பாவு பூட்டாத தறியில் சேலை அறுத்தேன் என்று சொல்லலாமா?” என்று கூறி அனுப்பிவிட்டாள். கேட்டவர்கள் தீயவர்கள் அல்லர். உறவின் உரிமையால் கேட்டவர்கள். ஆயினும் உறவின் உரிமை செல்லத்தகாத இடங்கள் சில உண்டு. அவற்றுள் கணக்கும் ஒன்று.

இதனை யான் புதிதாகச் சொல்லவில்லை. நம் காஞ்சிக்கு அண்மையில் உள்ள உத்திரமேரூர்க்குச் சென்று, வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரைப் பாருங்கள். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் அங்கு உள்ளன. குடவோலை முறையால் ஊர் வாரியங்களுக்கு ஆட்களைத் தெரிந்தெடுக்கும் விதிகள் அவற்றில் கூறப்பெறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவனுக்கு இன்ன இன்ன முறையில் உறவினராயுள்ளவர் பெயரையும் இடலாகாது. உறவு கணக்கை மறைக்கும் திரையாகிவிடும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்நாட்டார் அறிந்திருந்தனர் போலும்!

கணக்கெழுதுவோனுக்கும் அங்கு விதியுண்டு. தான் எழுதிய காலத்துக் கணக்கைப் பெருமக்களிடம் காட்டி, நேர்மையாளன் என்று அவர்கள் உரைத்த பின்னரன்றி, அவன் மீண்டும் அப்பணியில் அமர்தல் கூடாது. ஒருவன் எழுதிய கணக்கை அவனே காட்டல் வேண்டும். பிறனொருவன் புகுந்து முடித்தல் கூடாது. அக்கணக்கன் அவையோர் சொல்லுக்காகக் காத்திருந்த காலமும், நம் பெண் தன் சான்றுக்காகக் காத்திருக்கும் காலமும் தன்மையில் ஒன்றே. ஆராய்ந்து தெளிந்த பின்னரே ஒருவரிடம் வினையை ஒப்படைத்தல் வேண்டும் என்பதற்காகவன்றோ வள்ளுவனார் ‘தெரிந்துதெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார்?

ஆனால், காத்திருத்தல் என்பது வாய்மூடிக் கிடத்தல் என்று இளைஞர் எண்ணிவிடலாகாது. விதியே நேர்மையற்றதாயின் என் செய்வது? அதற்கும் நம் நாட்டில் ஒரு வரலாறு உண்டு. இந்தியாவின் முதற் பெண் கணக்கர் என்று போற்றப்பெறும் ஆர். சிவபோகம் அம்மையார் 1907ஆம் ஆண்டிற் பிறந்தவர்; சென்னை இராணி மேரிக் கல்லூரியிற் பயின்றவர். நாட்டு விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு, வேலூர்ச் சிறையில் ஓராண்டு இருந்தார். அக்காலத்தில் இன்றைய கழகம் இல்லை. அரசாங்கக் கணக்கியல் டிப்ளமாத் தேர்வு இருந்தது. 1932 முதல் கணக்கர் பதிவேட்டை இந்திய அரசாங்கமே வைத்திருந்தது. அம்மையார் 1933இல் அத்தேர்வில் தேறினார். தேறியும், சிறை சென்றோர் கணக்கராகப் பதிவு பெறலாகாது என்ற தடை குறுக்கே நின்றது.

அவர் என் செய்தார்? சிறை சென்றதை மறைத்தாரல்லர். பிறர் பெயரில் தொழில் நடத்தினாரல்லர். சோர்ந்து வீட்டில் அமர்ந்தாருமல்லர். முறையீடு செய்து வாதாடி வென்றார். 1937இல் தனியே தொழில் தொடங்கினார். தேர்வுக்கும் தொழிலுக்கும் இடையே நான்கு ஆண்டுகள்! பின்னர் 1955 முதல் 1958 வரை, பட்டயக் கணக்கர் கழகத்தின் தென்னிந்திய வட்டாரக் குழுவிற்குத் தலைமை தாங்கினார். 1966இல் மறைந்தார். 1949ஆம் ஆண்டுச் சட்டமோ, ஒழுக்கக் கேடான குற்றத்திற்குத் தண்டனை பெற்றமையைப் பதிவுக்குத் தடையாகச் சொல்கிறது. நாட்டன்பால் சிறை புகுதலும் பிறர் பொருளைக் கவர்ந்து சிறை புகுதலும் ஒன்றல்ல என்பதை இச்சொல் வேறுபாடு காட்டுகின்றது.

ஆகவே அன்பர்களே, குறுக்கு வழி வேறு, முறையீடு வேறு. முன்னது வாயிலைச் சுற்றிச் சுவரேறிக் குதிப்பது; பின்னது வாயிலில் நின்று, “ஏன் திறக்கவில்லை?” என்று உரக்கக் கேட்பது. நம் பிள்ளைகளுக்கு முன்னதை மறக்கவும் பின்னதை அஞ்சாது செய்யவும் கற்பித்தல் வேண்டும்.

இவ்வளவு கடுமை எதற்கு என்பீரேல், நம் தறியையே பாருங்கள். பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுக்கிறார்கள். நெய்த சேலையை நிறுத்து வாங்குகிறார்கள். குறைந்த எடைக்குக் கூலியில் பிடித்தம். எழுத்தறியாத நம் பாட்டன்மார், பிறர் எழுதிய குறிப்பேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே கைந்நாட்டு வைத்துக் கடனில் மாண்டனர். பொய்க்கணக்கின் கீழ் ஒரு குறி விழுந்தால் ஒரு குடும்பம் என்னாகும் என்பதை நம்மைப்போல் அறிந்தவர் யார்? அத்தகைய நாமே, நம் பெண்ணைப் பாராத கணக்கில் ஒப்பமிடச் சொல்லலாமா?

அவள் இப்போது வீண்பொழுது போக்கவில்லை. மாலைதோறும் தன் தெருப் பெண்கள் சிலருக்குக் கூலிக் குறிப்பேட்டைப் படிக்கவும், வரவும் பற்றும் தாமே எழுதவும் கற்றுக்கொடுக்கிறாள். அதற்கு எந்தச் சான்றும் வேண்டுவதில்லை. எடையில் வந்த வேறுபாட்டைத் தானே கண்டுபிடித்து, நெசவு கொடுத்தவரிடம் எடுத்துரைத்துத் திருத்திக்கொண்ட மூதாட்டி ஒருவர் இம்மண்டபத்திலேயே இருக்கிறார்.

முடிவாக மூன்று வேண்டுகோள். அவள் தந்தையாரைக் கடைவீதியிற் கண்டபோதெல்லாம், “பலகை எப்போது மாட்டுவீர்?” என்று கேட்பதை விட்டுவிடுங்கள். நீங்கள் அன்பால் கேட்கிறீர்கள். அவருக்கோ அது முள்ளாய்த் தைக்கிறது. இரண்டாவது, பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்கும்போது பெயரையும், பெயரெழுத்தையும், பிறந்த நாளையும் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பாருங்கள். ஆசிரியர் எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நம்பத்தகாமைக்குச் சான்றாக யானே உங்கள் முன் நிற்கிறேன். மூன்றாவது, நம் சங்கக் கணக்கை உறவினரல்லாத தணிக்கையாளர் ஒருவரிடம் இம்மாதமே ஒப்படைப்போம். அப்பெண்ணின் சான்று நாளையே வந்தாலும், நம் கணக்கு அவளிடம் செல்ல வேண்டுவதில்லை. அவள் ஊரார் கணக்கைப் பார்க்கட்டும். நம் கணக்கை ஊரார் பார்க்கட்டும்.