பழைய துப்பாக்கியின் பிறப்புச் சான்று

அமெரிக்க நாட்டில் பழைய துப்பாக்கிகளைத் திரட்டி வைப்போர் மிகப் பலர். நாணயங்களையும் அஞ்சல் தலைகளையும் நாம் திரட்டுவது போலவே அவர்கள் துப்பாக்கிகளைத் திரட்டுகின்றனர். அவர்கள் விரும்பித் தேடும் அரும்பொருள்களுள் ஒன்று, 1887-ஆம் ஆண்டு மாதிரி என வழங்கும் வின்செஸ்டர் ஷாட்கன். அதை ஒருவர் வாங்க முற்படும்போது, விற்பவர் சொல்லும் கதையை எவ்வாறு சோதித்து உண்மை காண்கிறார் என்பதை மாணவ நண்பர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன். வரலாறு பயில்வோர் ஏட்டுச் சுவடியிடம் கேட்கும் கேள்விகளையே அவர் இரும்பிடம் கேட்கிறார். விடை தவறினால் கைப்பொருள் போகும். சில வேளைகளில் கையே போகும்.

ஷாட்கன் என்பது ஒற்றைக் குண்டைச் செலுத்தும் ரைபிள் போன்றதன்று. பல ஈய ரவைகளை ஒருசேரச் சிதறச் செய்வது அது. அதன் குழலின் அளவை அங்குலத்தில் கூறாமல் ‘போர்’ என்னும் கணக்கில் கூறுவது மரபு. குழலுக்குள் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமாயின், அது 12 போர். பத்து உருண்டைகளே ஒரு பவுண்டானால் 10 போர். ஆகவே எண் சிறுக்கக் குழல் பெருக்கும். நம் நாட்டு வங்கி வாயில்களில் காவலர் ஏந்தி நிற்கும் துப்பாக்கியைப் ‘பன்னிரண்டு போர்’ என்று மக்கள் சொல்வதும் இக்கணக்கின்படியே.

இனி, இத்துப்பாக்கி பிறந்த கதைக்கு வருவோம். யூட்டா மாநிலத்தில் ஆக்டன் என்னும் ஊரில் துப்பாக்கிப் பட்டறை நடத்தி வந்தவர் ஜான் மோசஸ் பிரவுனிங். அவர் ஆக்கிய ஒற்றைத் தோட்டா ரைபிளைப் பற்றிக் கேள்வியுற்ற வின்செஸ்டர் நிறுவனத்தின் பென்னட், 1883-இல் நேரில் சென்று அதன் உரிமையை 8,000 டாலருக்கு வாங்கினார். அன்று தொடங்கிய உறவின் பயன்களுள் ஒன்றே இந்த ஷாட்கன். ஆனால் இது பிரவுனிங்கின் மனம் நாடிய வடிவம் அன்று. முன்கைப் பிடியை முன்னும் பின்னும் தள்ளி இழுத்துத் தோட்டாவை ஏற்றும் முறையே ஷாட்கன்னுக்கு உகந்தது என்பது அவர் கருத்து. வின்செஸ்டர் நிறுவனத்தாரோ, நெம்புகோலை இயக்கிச் சுடும் ரைபிள்களால் புகழ் பெற்றவர்கள். எனவே தங்கள் பெயர் தாங்கும் ஷாட்கன்னிலும் நெம்புகோல் இருந்தே தீரவேண்டும் என்றனர். நிறுவனத்தின் பெருமை கைவினைஞனின் அறிவை வென்றது.

விளைவு என்ன? ரைபிள் தோட்டாவைவிடப் பன்மடங்கு பருத்த தோட்டாவை ஏற்றி இறக்குவதற்காக, நெம்புகோலும் பின்வாய் அடைப்பும் ஒன்றாக இணைந்து வட்டமாகச் சுழலும் பெரியதோர் இரும்புக் கூடு தேவைப்பட்டது. தோற்றத்தில் அழகு குறைவு என்றே சொல்லவேண்டும். எனக்கு அதைக் காணும்போதெல்லாம் கூன் விழுந்த முதியவர் ஒருவரின் நினைவு வரும். ஆயினும் அது உறுதியானது. குழலின் கீழுள்ள அறையில் ஐந்து தோட்டாக்களை ஏற்கும். ஏறத்தாழ 64,855 துப்பாக்கிகள் இம்மாதிரியில் வெளிவந்தன. பின்னர் பிரவுனிங்கின் எண்ணப்படியே தள்ளி இழுக்கும் மாதிரி வந்தது. அவ்வகையில் 1897-ஆம் ஆண்டு மாதிரி மட்டும் 1957 வரை பத்து இலட்சத்திற்கு மேல் செய்யப்பட்டது. சந்தையில் தோற்றுப்போன வடிவமாதலின் பழையது அரிதாயிற்று. அரிதானமையின் திரட்டுவோர் அதைத் தேடலாயினர்.

வாங்க வருபவர் முதலில் பார்ப்பது வரிசை எண்ணை. அமெரிக்கக் கூட்டாட்சியின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டதைத் தொல்பொருள் என வகைப்படுத்துகிறது. நம் ஷாட்கன்னோ 1887 முதல் 1901 வரை செய்யப்பட்டது. ஒரே தோற்றமுள்ள இரு துப்பாக்கிகளுள் ஒன்று சட்டத்தின் கண்ணில் தொல்பொருளாகவும், மற்றது பிற துப்பாக்கிகளைப் போன்ற கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டதாகவும் இருக்கக்கூடும். விற்பவர் “நூறாண்டுப் பழமை ஐயா, கவலை வேண்டாம்” என்று கூறுவது சட்டத்திற்குப் போதாது. 1900-இல் செய்யப்பட்டதும் நூறாண்டைக் கடந்ததுதானே!

எண்ணிலிருந்து ஆண்டை அறிவது எங்ஙனம்? வின்செஸ்டர் தொழிற்சாலையின் பழைய பேரேடுகள் வயோமிங் மாநிலத்துக் கோடி நகரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றன. இம்மாதிரிக்கும், இதன் வழித்தோன்றலான 1901-ஆம் ஆண்டு மாதிரிக்கும் சேர்த்து 72,999 வரையுள்ள எண்களுக்குக் குறிப்புகள் எஞ்சியுள்ளன. கட்டணம் செலுத்தி எண்ணைத் தெரிவித்தால், அத்துப்பாக்கி எந்தப் போரில், எத்துணை நீளக் குழலுடன், என்று கிடங்கை விட்டுப் புறப்பட்டது என்பதை எழுதி அனுப்புவர். இம்மடலே அதன் பிறப்புச் சான்று.

மடல் கையில் வந்தபின் துப்பாக்கியை அதனோடு ஒப்பிடல் வேண்டும். ஏமாற்றுக்கு இடமாவது பெரும்பாலும் குழலே. வழக்கமான குழல் 30 அல்லது 32 அங்குல நீளம். காவற்பணிக்கென 20 அங்குலக் குறுங்குழலுடன் சில செய்யப்பட்டன. அவற்றிற்கு மதிப்பு மிகுதி. இரும்பறுக்கும் வாள் ஒன்று கிடைத்தால் நீண்ட குழலைக் குறுக்கிவிடலாம் அல்லவா? வேட்டைக் குழல்களின் வாய்ப்பக்கம், ரவைகள் விரைவில் பரவாதிருக்கச் சற்றே சுருங்கியிருக்கும். அறுத்தால் அச்சுருக்கம் போய்விடும். ஆனால் தொழிற்சாலையே செய்த குறுங்குழலிலும் சுருக்கம் இராது. ஆதலால் அளவுகோல் இங்கே திகைத்து நிற்கும். பேரேடு ஒன்றே பேசும். மேலும், 18 அங்குலத்திற்கும் குறைவாக அறுக்கப்பட்டிருந்தால் 1934-ஆம் ஆண்டுச் சட்டமொன்று குறுக்கே வரும். 1991-இல் வெளிவந்த ‘டெர்மினேட்டர் 2’ என்னும் திரைப்படத்தில் குறுக்கப்பட்ட இம்மாதிரித் துப்பாக்கி தோன்றியது. அதைக் கண்டு ஆசைப்படுவோர் இச்சட்டத்தை மறத்தலாகாது.

அடுத்து மேற்பூச்சு. வாங்குபவர் பளபளப்பைக் கண்டால் மகிழமாட்டார், ஐயுறுவார். குழலின் மேலுள்ள எழுத்துக்களின் ஓரம் மழுங்கியிருந்தால், துருவின் குழிகளை மறைக்க யாரோ தேய்த்திருக்கிறார்கள் என்று பொருள். திருகாணிகளின் பிளவு சிதைந்திருந்தால், உரிய கருவியின்றி எவரோ பிரித்திருக்கின்றனர். நிறம் மங்கிப் பழுப்பேறியும், எழுத்துக் கூர்மை கெடாமலும் இருக்கும் துப்பாக்கிக்கே உயர்ந்த விலை.

சிலர் வாங்கியதைச் சுட்டுப் பார்க்கவும் விழைவர். இங்கேதான் உயிருக்கே ஊறு நேரக்கூடும். இத்துப்பாக்கி கரும்புகை எழுப்பும் பழைய வெடிமருந்துக்கென ஆக்கப்பட்டது. புகையற்ற மருந்து அதனினும் மிக்க அழுத்தத்தை எழுப்பவல்லது. 12 போர் மாதிரியின் தோட்டா அறை 2⅝ அங்குலத் தோட்டாவுக்கு வெட்டப்பட்டது. இக்காலத் தோட்டா 2¾ அங்குலம். தோட்டாவின் அளவு சுட்டபின் விரிந்த நிலையில் கணக்கிடப்படுவதால், சுடுமுன் அது உள்ளே நன்றாகவே நுழைந்துவிடும்! வெடிக்கும்போது அதன் மடிந்த வாய் விரிய இடமின்றிக் குழலின் குறுகிய பகுதியில் நெருக்க, அழுத்தம் ஏறும். நுழைந்ததனால் பொருந்தியது என்று கருதுவது பேதைமை. தேர்ந்த துப்பாக்கிக் கம்மியர் ஒருவர் அறையையும் குழலின் கனத்தையும் அளந்து ஒப்புதல் தரும்வரை, சுவரில் மாட்டிக் கண்டு களிப்பதே தக்கது.

மடலும் துப்பாக்கியும் முரண்பட்டால் உடனே வேண்டாம் என்று விலகிவிடவும் கூடாது. பழுது பார்ப்பதற்காகத் தொழிற்சாலைக்கே திரும்பி வந்த துப்பாக்கிகள் உண்டு. அவ்வரவும் சில வேளைகளில் அதே பேரேட்டில், அதே எண்ணுக்கு நேராகக் குறிக்கப்பட்டிருக்கும். அத்தகைய குறிப்போடு, பிற்காலத்து வின்செஸ்டர் குழலொன்று பொருத்தப்பெற்ற துப்பாக்கி கிடைக்குமாயின், திரட்டுவோர் குறைந்த விலை பேசாமல் வாங்கிச் செல்வர்.