வாசிக்காத காகிதத்தில் கைநாட்டு வைக்காதீர்!

(வல்லக்கோட்டையில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்.)



ஷிப்டு முடிந்து நேராக வந்தவர்களும், நடவு முடித்துச் சேற்றுக் காலைக் கழுவிவிட்டு வந்தவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்று நான் காகிதத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். பாஸ்போர்ட்டு, விசா, வேலை ஒப்பந்தம், கல்யாணச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று ஆகியவற்றைப் பற்றி.

"ஒரகடத்தில் இத்தனை ஆலை இருக்கும்போது வெளிநாட்டுக் காகிதம் நமக்கெதற்கு?" என்று கேட்பீர்கள். ஆலைகள் இருக்கின்றன, நிரந்தர வேலை எத்தனை பேருக்கு இருக்கிறது? பயிற்சி என்று சில வருஷம், காண்டிராக்டு என்று சில வருஷம், பிறகு "நாளை முதல் வரவேண்டாம்." 2014இல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். வேலை போன பிள்ளையின் வாசலில் முதலில் வந்து நிற்பவன் யார்? வெளிநாட்டு ஏஜண்டு!

ஆங்கிலத்தில் ஒன்று, அரபியில் ஒன்று

எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். தாயார் கழனி வேலை செய்பவர். கம்மலை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் ஒரு லட்சத்துக்கு மேல் ஏஜண்டிடம் கொடுத்தார். சட்டப்படி லைசென்ஸ் உள்ள ஏஜண்டு வாங்கக்கூடிய கூலி 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான் என்பது அந்தத் தாய்க்குத் தெரியாது.

இங்கே பிள்ளை கையெழுத்திட்டது ஆங்கிலக் காகிதத்தில். டிரைவர் வேலை என்று அதில் இருந்தது. அரபு நாட்டில் இறங்கியதும் அரபியில் வேறொரு காகிதத்தை நீட்டினார்கள். போட்டான் கையெழுத்து. கிடைத்தது, பாலைவனத்தில் ஆடு மேய்க்கும் வேலை! பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அவன் செல்போனில் படம் பிடித்து அனுப்பிய அந்த அரபிக் காகிதத்தைத் தாயார் என்னிடம் கொண்டுவந்தார். அரபி படித்த ஒரு பள்ளிவாசல் பெரியவரிடம் போனோம். அவர் வரி வரியாகச் சொன்னார். நான் தமிழில் எழுதினேன். வேலை வேறு, சம்பளம் வேறு. மகன் எதில் கையெழுத்திட்டான் என்பது அன்றுதான் தாய்க்குத் தெரிந்தது. இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்து இந்தியத் தூதரகத்துக்கு மனு எழுதினோம். பல மாதம் கழித்துப் பிள்ளை வந்தான். பணம் வரவில்லை.

தோழர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: சவூதியிலும் அமீரகத்திலும் ஒப்பந்தம் இரண்டு மொழியில் இருந்து, இரண்டும் முரண்பட்டால், சட்டப்படி அரபி வாசகமே செல்லும். நீங்கள் படித்த ஆங்கிலம் அங்கே நிற்காது. ஆகவே மொழிபெயர்ப்பு என்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு அல்ல. அது நம் கூலிப் பிரச்னை!

காகிதம் இல்லாததால் நாடற்றவர்கள்

நம் பாட்டன், முப்பாட்டன் காலத்தில் கங்காணி வந்தான். தமிழ்நாட்டுக் கூலி விவசாயிகளை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிச் சென்றான். தலைமுறை தலைமுறையாக அவர்கள் அந்த மலையைச் செழிக்க வைத்தார்கள். 1948இல் இலங்கைச் சர்க்கார் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. "உன் தகப்பன், பாட்டன் இங்கே பிறந்ததற்குச் சான்று காட்டு" என்றது. லயத்தில் பிறந்தவனுக்கு ஏது சான்று? 1949இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி சுமார் எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு மட்டுமே! 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் பங்கு பிரித்தார்கள். மனிதர்களை மூட்டைபோல் எண்ணினார்கள். அந்த மக்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

பெயரே தடையாகும்போது

இது தமிழனுக்கு மட்டும் நேர்ந்த கதியல்ல. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கோடியில் சோமாலியா இருக்கிறது. 1991இல் அங்கே மத்திய சர்க்கார் கவிழ்ந்தது. உள்நாட்டுச் சண்டையில் பதிவேடுகள் அழிந்தன. லட்சக்கணக்கானோர் கென்யா, ஏமன், பிரிட்டன், அமெரிக்கா எனச் சிதறினர். சோமாலியப் பாஸ்போர்ட்டைப் பல நாடுகள் ஏற்க மறுத்தன.

அவர்களுக்கும் நம்மைப்போலக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், அவ்வளவுதான். கல்யாணமானாலும் பெண் தன் பெயரை மாற்றுவதில்லை. ஆகவே தாயின் கடைசிப் பெயர் ஒன்று, பிள்ளையின் கடைசிப் பெயர் வேறு. விசா அதிகாரிக்கு உடனே சந்தேகம்: "இது உன் பிள்ளைதானா?" பெற்றவள் தன் பிள்ளைக்குத் தானே தாய் என்று காகிதத்தால் நிரூபிக்க வேண்டும்! பெயரை மட்டும் மாற்றி எழுதிக் கொடுத்தால் அங்கே போதாது. பெயர் வைக்கும் வழக்கத்தையும் மொழிபெயர்ப்பாளர் விளக்கி எழுத வேண்டியிருக்கிறது.

நமக்கும் இதே தொல்லைதான். நமக்கு இனிஷியல், அவர்களுக்குக் குடும்பப் பெயர் வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் விசிட் விசாவில் வரக்கூடாது என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. தகப்பன் பெயர் வேறு பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று பின்னர் விளக்கம் வந்தது. எழுத்தும் ஒரு தொல்லை. பழனி என்பதை ரேஷன் கார்டில் 'இசட்' போட்டு எழுதுகிறான்; பள்ளிச் சான்றில் 'எல்' போட்டு எழுதுகிறான். ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுகிறான்!

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது: ஆதார், பள்ளிச் சான்று, பாஸ்போர்ட்டு எல்லாவற்றிலும் பெயரும் எழுத்தும் ஒன்றாக இருக்கட்டும். தவறு இருந்தால் இங்கேயே திருத்துங்கள்.

இரண்டாவது: ஒப்பந்தத்தின் ஒவ்வொரு ஷரத்தையும் தமிழில் எழுதி வாங்கிப் படியுங்கள். வேலை, சம்பளம், நேரம், உணவு, தங்குமிடம், திரும்பும் டிக்கெட் எல்லாம் அதில் இருக்கவேண்டும். எழுதியவர் "முழுமையானது, சரியானது" என்று கையெழுத்திடட்டும்.

மூன்றாவது: பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா முதலான சில நாடுகளுக்கு வேலைக்குப் போக 1983ஆம் வருஷச் சட்டப்படி சர்க்காரின் குடிபெயர்வு அனுமதி தேவை. அதைத் தட்டிக்கழிக்கவே "விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்கிறான் ஏஜண்டு. நம்பாதீர்கள்! முறைப்படி போகிறவருக்கு இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாயில் இன்சூரன்ஸ் உண்டு. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்குப் பத்து லட்சம்.

நான்காவது: பாஸ்போர்ட்டு முதலாளியின் சொத்தல்ல. 1967ஆம் வருஷப் பாஸ்போர்ட்டுச் சட்டப்படி அது இந்திய சர்க்காரின் சொத்து. எல்லாக் காகிதத்துக்கும் ஒரு நகல் வீட்டுப் பெண்களிடம் இருக்கட்டும். ஆபத்து வந்தால் மனுவோடு அலையப்போவது அவர்கள்தான்.

சேர்ந்து வாசிப்போம்

"எனக்கு எழுத்து தெரியாதே" என்று ஒரு அம்மா கேட்கிறார். தனியாக வாசிக்கத் தெரியாவிட்டால் சேர்ந்து வாசிப்போம்! 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எதற்காக? முக்கியமாக, தங்கள் சங்கத்தைப் பதிவு செய்யும் உரிமைக்காக. அதுவும் ஒரு காகிதம்தானே! 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. தனி ஆளுக்குக் கிடைக்காத காகிதம், சேர்ந்து நின்றவர்களுக்குக் கிடைத்தது.

கடைசியாக ஒன்று. நம் பக்கத்து அறையில் ஒரிசாக்காரரும் பீகாரியும் அசாமியரும் பத்துப் பேர் ஒன்றாகத் தங்கியிருக்கிறார்கள். காண்டிராக்டர் நீட்டும் தமிழ்க் காகிதம் அவர்களுக்கு அரபிதான்! அரபு நாட்டில் நம் பிள்ளைக்கு நேர்ந்ததை இங்கே அவர்களுக்கு நேரவிடலாமா? இந்தி தெரிந்த தோழர்கள் மாலையில் போய் உட்கார்ந்து அந்தக் காகிதத்தை வாசித்துச் சொல்லுங்கள். இந்த வாரமே தொடங்குங்கள். பள்ளிவாசல் பெரியவர் அந்தத் தாய்க்குச் செய்த உதவியை நாம் அவர்களுக்குச் செய்வோம்.

உழைப்பவர் எம்மொழி பேசினாலும் ஒரே வர்க்கம்! தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!