வாடகை கொடுத்தவர் வீதிக்கு வரலாமா?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



குடியிருந்த வீட்டை இழப்பது நமக்குப் புதிய கதையல்ல. 1950-ஆம் ஆண்டுகளில் மலாயாவின் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, வேலையோடு லயத்து வீடும் கைநழுவிப் போனதை நம் முன்னோர் கண்டார்கள். தோட்டத்தை விற்றவர் ஒருவர், வாங்கியவர் வேறொருவர். மூட்டை கட்டியவர் தொழிலாளி.

இன்று நம் பிள்ளைகள் பலர் பட்டணத்துத் தாமான்களில் வாடகைக்கு இருக்கிறார்கள். அதே ஆபத்து அங்கே வேறு உருவில் வருகிறது. வீட்டுக்காரர் பாங்கியில் வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார். நாம் மாதந் தவறாமல் வாடகை கொடுக்கிறோம். அவரோ பாங்கித் தவணையைக் கட்டுவதில்லை. ஒரு நாள் கதவில் ஏல அறிக்கை ஒட்டப்படுகிறது. தவணை தவறியவர் அவர். தவித்து நிற்பவர் நாம்!

சட்டம் என்ன சொல்கிறது? தீபகற்ப மலேசியாவில் நடப்பிலுள்ள 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகையைப் பதிய வேண்டியதில்லை, வாய்ப்பேச்சே போதும். ஆனால் அவ்வாடகையை நிலப் பத்திரத்தில் குறிக்காவிட்டால், பின்னால் வாங்குகிறவரை அது கட்டுப்படுத்தாது. குறிப்பதற்கு முன்பே ஈடு பதிவாகியிருந்தால், பாங்கியையும் கட்டுப்படுத்தாது.

நிறுத்த பாலைக் கணக்கில் ஏற்றாவிட்டால் கூலி கிடைக்குமா? எழுதாத வாடகைப் பேச்சும் அப்படித்தான். ஆகவே முன்பணம் கொடுக்குமுன் நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, வீடு ஈட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பாங்கியின் சம்மதத்தை எழுத்தில் வாங்கித் தரும்படி வீட்டுக்காரரைக் கேளுங்கள். ஒப்பந்தத்தை எழுதி முத்திரை வையுங்கள். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

அறிக்கை ஒட்டிவிட்டார்களே என்று அஞ்சி ஓடவும் வேண்டாம். 1950-ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7-வது பிரிவின்படி, வாடகைக் காலம் முடிந்த பின்னும் வீட்டில் இருப்பவரைக் கோர்ட் மூலமன்றி வெளியேற்றக்கூடாது. ஆள் வைத்துப் பூட்டை மாற்றுவதும், சட்டிபானையை வெளியே வீசுவதும் சட்டமாகாது. அறிக்கையைக் கண்டதும் அதை எடுத்துக்கொண்டு சங்கத்திற்கும் வழக்கறிஞரிடமும் வாருங்கள்.

இது போதுமா? போதாது. கோர்ட் நமக்கு அவகாசம் தரலாம், நிம்மதி தராது. அமெரிக்காவில் கடன் நெருக்கடியால் எண்ணற்ற வீடுகள் ஏலம் போனபோது, 2009-இல் ஒரு சட்டம் செய்தார்கள். முறையாகக் குடியிருப்பவருக்கு 90 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். வாங்கியவர் தாமே குடிவந்தாலன்றி, ஒப்பந்தக் காலம் முழுவதும் அவர் இருக்கலாம். 2014 முடிவில் காலாவதியான அச்சட்டத்தை 2018-இல் நிரந்தரமாக்கினார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

தோழர்களே! பாங்கி தன் கடனைக் கேட்பதை நாம் தடுக்கவில்லை. கடன் வாங்காதவன் தலையில் அதைக் கட்டாதே என்றுதான் சொல்கிறோம். கிளைதோறும் இதைத் தீர்மானமாக்கி, சட்டமன்றக் கதவைத் தட்டுவோம். தனியாகத் தட்டினால் சத்தம் கேட்காது, சங்கமாகத் தட்டுவோம்!