தேக்கம்பட்டிப் பாட்டியார்



எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரை ஆசிரியர் என்று நாம் வணங்குகிறோம். அது முறையே. ஆனால் எந்தப் பட்டத்தில் எள் விதைப்பது, எந்த ஈரத்தில் ஏர் பூட்டுவது, விதைக்கென்று வைத்த தானியத்தை அந்து தீண்டாமல் காப்பது எப்படி என்பனவற்றை நமக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்? பெரும்பாலும் திண்ணையில் அமர்ந்திருந்த நம் ஆத்தாவோ அமுச்சியோதான். அத்தகைய ஒரு மூதாட்டியாரை நினைவுகூரவே இன்று உங்கள்முன் நிற்கிறோம். மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியைச் சேர்ந்த பாப்பம்மாள் அம்மையார்தான் அவர். 1914ஆம் ஆண்டில் பிறந்த அவர், 2024 செப்டம்பர் 27ஆம் நாள் மறைந்தார்.

அம்மையார் பிறந்தது தேவலாபுரம் என்னும் சிற்றூர். இளமையிலேயே தாயும் தந்தையும் மறைந்தனர். அவரையும் உடன்பிறந்த பெண்கள் இருவரையும் தேக்கம்பட்டிக்கு அழைத்து வந்து வளர்த்தவர் தந்தையைப் பெற்ற பாட்டி. மூன்று பெண் குழந்தைகளைத் தனியாக வளர்ப்பது எக்காலத்திலும் எளிதன்று. அந்தக் காலத்தில் அது எத்துணைப் பெரும் சுமை என்பதை இங்குள்ள தாய்மார்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அப்பாட்டியின் பெயரை எந்த விருதும் தாங்கவில்லை. எனினும் பேத்தியின் பெருமையில் சரிபாதி அவருக்கே உரியது என்பது நமது எண்ணம்.

பாட்டியின் கடை பின்னர் பேத்தியின் பொறுப்புக்கு வந்தது. அத்துடன் உணவுக்கடை ஒன்றையும் அம்மையார் நடத்தினார். அவ்வருவாயைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஊரிலேயே ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கினார். இதனைச் சாதாரணச் செய்தியாகக் கடந்து போதல் ஆகாது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு ஒத்த உரிமை மகளுக்கும் உண்டு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989ஆம் ஆண்டில்தான். அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, கல்லாப்பெட்டியில் சேர்ந்த காசைக்கொண்டு ஒரு பெண்மணி தம் பெயரில் பூமி வாங்கினார் என்றால், அவருடைய திண்மையை நாம் உணரலாம்.

ஊராட்சி உறுப்பினர்களாகிய நீங்கள் சிறப்பாகக் கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1959ஆம் ஆண்டில் அம்மையார் தேக்கம்பட்டி ஊராட்சிக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1964இல் காரமடை ஊராட்சி ஒன்றியத்திற்கும் உறுப்பினரானார். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒன்றியங்கள் அமைந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று விதித்த ஊராட்சிகள் சட்டம் வந்ததோ 1994ஆம் ஆண்டில். அதாவது அம்மையார் உறுப்பினராகி 35 ஆண்டுகள் கழிந்த பின்னர். அப்பங்கு 2016இல் சரிபாதியாக உயர்ந்தது. இன்று இடம் தாராளமாக இருக்கிறது. ஆயினும், உறுப்பினர் நாற்காலியில் மனைவி அமர்ந்திருக்க, கணவர் எழுந்து பேசும் காட்சியைச் சில ஊர்களில் நாம் காண்கிறோம். பெயர் சொல்ல வேண்டாம்; உங்களுக்கே தெரியும்.

இனி அவருடைய வேளாண்மைக்கு வருவோம். அவருடைய தலைமுறை கண்ட மாறுதல்கள் கொஞ்சமல்ல. கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்ததைக் கண்டது. 1930களில் பைகாரா மின்சாரம் வந்து பம்புசெட்டு ஓடியதைக் கண்டது. உர மூட்டை வந்ததையும் கண்டது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உழவர் விவாதக் குழுவில் அம்மையார் ஈடுபட்டு, அதன் அமைப்பாளராகவும் பணியாற்றினார். பட்டம் பெற்றவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்டார். தாம் அறிந்ததை அவர்களுக்கும் மற்ற உழவர்களுக்கும் சொன்னார். பள்ளிக்கூடம் இல்லாத ஆசிரியர் என்று அவரைக் கூறினால் மிகையாகாது.

தம் நிலத்தில் அவர் இயற்கை முறையைக் கைக்கொண்டு பயறு வகைகளும் காய்கறிகளும் வாழையும் விளைவித்தார். இம்முறை நமக்குப் புதிதன்று. சணப்பு விதைத்து, பூவெடுக்கும் தறுவாயில், ஏறத்தாழ 45 நாளில், மடக்கி உழுவது நம் பாட்டன்மார் செய்ததே. அறுவடையான காட்டில் ஆட்டுப்பட்டி போட்டு எருவேற்றுவதும் அப்படியே. செலவு குறைவு, ஆனால் உடலுழைப்பு மிகுதி. முதல் ஆண்டே மூட்டை மூட்டையாக விளையும் என்று நாம் உறுதி கூற முன்வரவில்லை. மண் தேறுவதற்குச் சில பருவங்கள் பொறுக்கத்தான் வேண்டும்.

நூறு வயதைக் கடந்த பின்னரும் அம்மையார் காலையில் காட்டுக்குச் சென்று களையெடுத்தார். 2021ஆம் ஆண்டில் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அப்போது அவருடைய வயதைப் பற்றியும், ஆட்டுக்கறி பிரியாணியில் அவருக்கிருந்த விருப்பத்தைப் பற்றியும் எல்லோரும் வியந்து எழுதினர். வியக்கட்டும், ஆனால் அவருடைய மண்ணைப் பற்றி அத்துணை விரிவாக எவரும் கேட்டதாக நமக்குத் தோன்றவில்லை.

10 ஏக்கர் வாங்கிய அவர், முதுமையில் தம் கையில் வைத்துப் பயிரிட்டது இரண்டரை ஏக்கர். இந்தக் கணக்கு தேக்கம்பட்டிக்கு மட்டும் உரியதன்று. பவானிக் கரையிலிருந்து நொய்யல் கரை வரை, பிள்ளைகள் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போய்விட்ட வீடுகளில், காட்டைப் பார்த்துக்கொள்பவர் ஒரு கிழவியாகவே இருப்பதை நாம் காண்கிறோம். எந்தக் கிணறு எந்தக் கோடையில் வற்றியது, எந்தச் சோளம் எந்த மண்ணுக்கு ஏற்றது, ஓடையின் பழைய கரை எது என்பனவெல்லாம் அவர் நினைவில் மட்டுமே இருக்கின்றன. எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அவற்றுள் ஒரு கூட்டத்திலேனும், ஊரிலுள்ள மூத்த உழவர்களும் பாட்டிமார்களும் விதை, நீர், மண் பற்றிச் சொல்வதைக் கேட்டு எழுதி வைக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எழுதுவதற்குப் பள்ளி ஆசிரியரின் துணையை நாடலாம். நடக்க இயலாதவரை அழைத்துவர ஒரு வண்டியும், அமர நிழலில் ஒரு நாற்காலியும் வேண்டும். ஊராட்சிக்கு அது பெருஞ்செலவு ஆகாது.