ஒரு படி போதாது



இலக்கிய நிகழ்ச்சியொன்றில் தமிழாசிரியன் ஒருவன் கணினியின் வன்தட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் எண்ணக்கூடும். பேசப்போவது தட்டைப் பற்றித்தான். ஆனால், ஏட்டைப் பற்றிப் பேசாமல் அந்தப் பேச்சை முடிக்க முடியாது.

எங்கள் வீட்டு விறாந்தையின் மூலையில் பழைய கணினியொன்று இருக்கிறது. கழித்துவிடப்பட்டதொன்றை மலிவு விலைக்கு வாங்கினேன். அதனை நாம் 'வழங்கி' என்று அழைக்கிறோம். கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுப்பதால் அந்தப் பெயர். கடந்த பத்தாண்டுகளாக நானும் என் மாணவர்களும் வன்னிக் கிராமங்களில் பதிவுசெய்த அருவி வெட்டுப் பாட்டு, குருவிப் பள்ளு, ஒப்பாரி, முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்து ஆகியவை அதில் இருக்கின்றன. விறாந்தையில் வந்து அமரும் மாணவர் தமது கைபேசியிலேயே அவற்றைக் கேட்கலாம்.

அதன் தட்டு 500 கிகாபைற்று கொள்ளும். கூத்துகளை ஒளிப்பதிவு செய்யத் தொடங்கியதும் அது நிரம்பிவிட்டது. வவுனியாவுக்குப் போய் 4 டெராபைற்றுத் தட்டொன்று வாங்கி வந்தேன். என் பழைய மாணவன் ஒருவன் கணினித் துறையில் தொழில் பார்க்கிறான். அவனே வந்து பொருத்தினான். பொருத்திப் பார்த்தால், புதிய தட்டில் பாதிக்குச் சற்றுக் கூடுதலான இடமே பயன்பட்டது.

"சேர், மெசின் பழசு. உள்ள அட்டவணையும் பழைய முறை. அதாலதான் முழுசையும் எண்ணத் தெரியேல்லை" என்றான்.

அவன் தந்த விளக்கம் இது. தட்டு 512 பைற்றுக் கொண்ட சிறு சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் அறைக்கும் ஓர் இலக்கம் உண்டு. பழைய அட்டவணை 1983இல், வீட்டுக் கணினிக்கு 10 மெகாபைற்றுத் தட்டே பெரிதாயிருந்த காலத்தில், வகுக்கப்பட்டது. அதில் இலக்கம் எழுத 32 கட்டங்களே உள்ளன. கட்டமொன்றில் பூச்சியம் அல்லது ஒன்று மட்டுமே எழுதலாம். அவ்வாறு எழுதக்கூடிய இலக்கங்கள் 429 கோடி சொச்சம். அதனை 512ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2.2 டெராபைற்று வருகிறது. அதற்கப்பால் உள்ள அறைகளுக்கு இலக்கம் இல்லை. முகவரியில்லாத வீட்டுக்குத் தபாற்காரர் எப்படிப் போவார்? எஞ்சிய 1.8 டெராபைற்றும் இருந்தும் இல்லாததாயிற்று. 64 கட்டங்கள் கொண்ட புதிய அட்டவணையை அவன் எழுதியதும் தட்டு முழுவதும் வசப்பட்டது. ஆனால் எங்கள் பழைய கணினிக்கு அந்த அட்டவணையிலிருந்து துயிலெழத் தெரியாது. ஆகவே கணினியை இயக்கும் மென்பொருள் பழைய தட்டிலேயே இருக்க, பாட்டும் கூத்தும் புதியதற்குப் போயின.

பின்னேரம் தொடங்கிய படியெடுப்பு இடையில் ஒருமுறை மின்சாரம் நின்று, நள்ளிரவு தாண்டியே முடிந்தது. முடிந்ததும் அவன் இரண்டு தட்டுகளிலுமுள்ள கோப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டான். கோப்பின் பைற்றுகள் அனைத்தையும் கணக்கிட்டு ஓர் எண் பெறப்படும். இரு எண்களும் ஒத்தால் படி சரி. நான் வியந்துபோனேன். இரண்டு ஏட்டுப் பிரதிகளை விரித்துவைத்துப் பாடம் ஒப்புநோக்கும் பதிப்பாசிரியரின் வேலையல்லவா இது!

"இனிப் பழைய தட்டில கிடக்கிற பாட்டுகளை அழிச்சிடலாம்தானே, தம்பி?" என்று கேட்டேன்.

"வேண்டாம் சேர். புதுசு ஒருநாள் நிண்டுபோனா என்ன செய்வீங்கள்?"

தட்டுச் சுழலும்போது அதைப் படிக்கும் முனை மயிரிழையிலும் மிகச் சிறிய இடைவெளியில் மிதக்கிறது. ஒருநாள் அது தட்டில் உரசும், அல்லது மின்னல் அடிக்கும், என்றான். நான் மறுமொழி சொல்லவில்லை. அந்தக் கேள்வி எனக்குப் புதியதன்று.

2008இல் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, நாட்டார் பாடல்களை எழுதிய ஆறு கொப்பிகளைப் பொலித்தீனில் சுற்றி, உரப்பையில் கட்டி, வீட்டின் பின்புறம் மாமரத்தடியில் புதைத்தேன். 2010இல் திரும்பிவந்து தோண்டியபோது கறையான் புற்றும் ஈர மண்ணுமே கையில் வந்தன. அப்பாடல்களைச் சொன்ன ஆச்சிமாரில் இருவரை அதற்கிடையில் இழந்திருந்தோம். திரும்பக் கேட்க ஆளில்லை. ஒரேயொரு கொப்பியின் பாடல்கள் தப்பின. 2005இல் சக ஆசிரியை ஒருவர் தன் படிப்புக்கென அதனைப் பிரதியெடுத்து வவுனியாவில் வைத்திருந்தார். எழுதும் புத்தகத்துக்கு எங்கள் ஊரில் 'கொப்பி' என்று பெயர். அந்தப் பெயரே சொல்லித்தந்த பாடத்தை நான் ஆறு கொப்பி எழுதியும் படிக்கவில்லை.

நேயர்களே, இது என்னோடு நிற்கும் கதையன்று. பனையோலை சில நூற்றாண்டுகளுக்குமேல் நிலைப்பது அரிது. சங்கப் பாடல்கள் எங்களிடம் வந்தது ஓலையின் வலிமையாலன்று. ஏடு பழுதாகுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதிய, பெயர் தெரியாத கைகளால். அந்தக் கைகள் ஓய்ந்த காலத்தில், 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, தொட்டாலே உதிரும் ஏடுகளைக் கண்டு மனம் வெதும்பினார். வெதும்பியதோடு நில்லாமல் அச்சேற்றினார்.

1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. யாழ்ப்பாண வைபவமாலையை இன்றும் நாம் வாசிக்கிறோம். அது முன்னரே அச்சேறியிருந்தது. 1879இல் பிறிற்றோவின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்திருந்தது. ஆனால் ஒற்றைப் படியாக அங்கே இருந்த ஏடுகள் சாம்பலோடு போயின. கட்டடத்தைத் திரும்பக் கட்டினார்கள். ஒற்றைப் படியை யார் திரும்ப எழுதுவது?

அந்த வடுவை அறிந்தவர்கள் பின்னர் வேறுவழி கண்டார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் ஈழத்து எழுத்துகளுக்கென உருவான நூலகம் இணையத்தளமும் செய்வது அந்தப் பழைய பெயர்த்தெழுதும் தொழிலைத்தான். ஆனால் அவர்கள் எங்கள் வீட்டு அலுமாரிக்குள் வந்து தேடமுடியாது.

1956இல் வந்த முதல் வன்தட்டில் ஐம்பது தட்டுகள் இருந்தன. ஏறக்குறைய ஒரு தொன் நிறையுள்ள அப்பெட்டி கொண்டது 50 இலட்சம் எழுத்துகளை. இன்று என் உள்ளங்கையில் அடங்கும் தட்டு அதைப்போல் எட்டு இலட்சம் மடங்கு கொள்ளும். பெட்டி பெரிதாகும்போது இழப்பும் பெரிதாகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஒரே கணினிக்குள் இரண்டு தட்டு வைத்தாலும் ஒரு மின்னல் இரண்டையும் கொண்டுபோகும்.

ஆகவே பழைய தட்டில் இருந்தவற்றை அழிக்கவில்லை. இன்னொரு தட்டில் முழுவதையும் படியெடுத்து வவுனியாவுக்குக் கொண்டுபோய், முன்பு என் கொப்பியைக் காத்த அதே ஆசிரியையின் வீட்டில் வைத்திருக்கிறேன். "இந்த முறை நீங்களே கொண்டுவந்திட்டீங்கள், தம்பி" என்று வாங்கிக்கொண்டார். மூன்று மாதத்துக்கொருமுறை போய்ப் புதியவற்றைச் சேர்த்து, ஒப்புநோக்கி வருகிறேன்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் அம்மம்மாவின் குரல் பதிந்த ஒலிநாடாவோ, அந்தியேட்டிக் கல்வெட்டோ, அப்பாவின் கையெழுத்துக் கொப்பியோ ஒற்றையாக இருக்கும். இன்றிரவு அதனை எடுத்துப் பாருங்கள். அதற்கொரு படி எடுங்கள். எடுத்த படியை அதே அலுமாரியில் வைக்காமல் வேறு ஊரிலுள்ள ஒருவரிடம் கொடுங்கள்.