மூக்கைக் கட்டினால் போதுமா?

(உடுப்பிட்டிக்கு வேலைக்கு வந்திருக்கும் தோட்டத்து இளைஞர்களிடம் பேசியது)



உடுப்பிட்டிக்குக் கடல் கிட்ட. வல்வெட்டித்துறைப் பக்கத்து உப்புக் காற்றுக்கு இரும்பு கேட் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் இங்கே பெயின்ட் வேலைக்குக் குறைவில்லை. ஸ்பிரே அடிக்கப் பழகியவர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் லயத்துக் கதவையும் அப்படியே அடிக்கப் பார்ப்பீர்கள். ஆகவேதான் இதைப் பேசுகிறோம்.

ஸ்பிரே அடித்தால் காற்றில் இரண்டு சாமான் கலக்கிறது. ஒன்று பனி மாதிரியான பெயின்ட் துளி. மற்றது தின்னர் ஆவி. லேஞ்சி கட்டினால் இரண்டும் உள்ளே போகும். கொரோனாக் காலத்தில் நாம் பார்த்த என்-95 மாஸ்க் துளியைப் பிடிக்கும், ஆவியை விட்டுவிடும்.

ஆவியைப் பிடிப்பது கரி. ரப்பர் மாஸ்க்கின் இரு பக்கமும் உள்ள டப்பிக்குள் அதற்கென்று பதப்படுத்திய கரி இருக்கிறது. முதலாம் உலக யுத்தத்தில் விஷவாயு முகமூடிக்கும் தேங்காய்ச் சிரட்டைக் கரியைப் போட்டார்கள். இன்றும் நம் நாட்டிலிருந்து அந்தக் கரி ஏற்றுமதியாகிறது. வாங்கும்போது டப்பியில் 'ஓர்கானிக் வேப்பர்' என்று இருக்கிறதா பாருங்கள். ஐரோப்பிய முறைப்படி செய்ததில் மண்ணிறப் பட்டி, அமெரிக்க முறையில் கறுப்பு. அதன் முன்னால் துளிக்கான பில்டரும் வேண்டும்.

தாடி இருந்தால் மாஸ்க் முகத்தில் ஒட்டாது. போட்டதும் இரு டப்பிகளையும் உள்ளங்கையால் மூடி மூச்சை இழுங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டினால் சரி. வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பையில் வையுங்கள். வெளியில் கிடந்தால் கரி வீணாகும். உள்ளே வாசனை வந்தால் டப்பி முடிந்தது.

கவனம்! ஹார்ட்னர் கலக்கும் வாகனப் பெயின்டை வீட்டில் அடிக்கவே வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட், வாசனை தெரியுமுன்பே நெஞ்சுக்குள் போய்விடும். அதனால் ஆஸ்துமா வந்தவருக்குப் பிறகு கொஞ்சம் பட்டாலே இழுக்கும். தோட்டத்தில் மருந்து அடித்த மாஸ்க்கையும் இதற்கு எடுக்காதீர்கள். அதில் மருந்து ஒட்டியிருக்கும்.

இன்னொன்று. மாஸ்க் போட்டவரை மட்டும்தான் அது காக்கும். லயத்தில் அடுத்த காம்பராவில் கைக்குழந்தை இருக்கும், பிள்ளைத்தாய்ச்சி இருப்பார், அடுப்பு எரியும். தின்னர் ஆவி தீப்பிடிக்கும். ஆகையால் லயத்துக்குள் ஸ்பிரே வேண்டாம். கதவைக் கழற்றி வெளியே வைத்து, பிரஷ் எடுத்துப் பூசுங்கள். ஒரு நாள் கூடப் போனாலும் பரவாயில்லை. கதவு அடுத்த வருஷமும் பூசலாம். நெஞ்சை மாற்ற முடியாது.