பறவைக் காய்ச்சலும் உழைப்பாளி மக்களும்
(அருப்புக்கோட்டையில் பேசியதன் சுருக்கம்)



மில்லில் ஷிப்டு முடித்து வந்தவர்களும், திருச்சுழிப் பக்கம் களையெடுத்துவிட்டு வந்தவர்களும் இங்கே கூடியிருக்கிறீர்கள். நம்மில் அநேகர் வீட்டில் பஞ்சாரத்தில் நாலு கோழி உண்டு. மழை பொய்த்த வருஷத்தில் அதுவே தாய்மார்களின் சிறுவாடு. எனவே பறவைக் காய்ச்சல் நம் வீட்டு விஷயமே.

இக்கோழிக் கிருமி மனிதரைக் கொன்றது 1997இல் ஹாங்காங்கில் தெரிய வந்தது. 18 பேருக்குக் கண்டது. 6 பேர் மாண்டனர். 2003 முதல் 2025 ஆகஸ்ட் வரை 25 நாடுகளில் ஏறத்தாழ 990 பேருக்கு ‘எச்5என்1’ கிருமி கண்டது. ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர்.

நம் நாட்டில் 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூர்க் கோழிப்பண்ணைகளில் இது தோன்றியது. அப்போது மனிதர் எவருக்கும் காணவில்லை. 2021 ஜூலையில் ஹரியானாச் சிறுவன் ஒருவன் டில்லியில் இறந்தான். இந்தியாவில் அதுவே முதல் மனிதச் சாவு. 2025 மார்ச்சில் ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தைச் சேர்ந்த 2 வயதுக் குழந்தை இறந்தது. பச்சைக் கோழிக்கறித் துண்டை அது தின்றிருந்ததாகப் பெற்றோர் கூறினர்.

கோடானுகோடிப் பேர் கோழி தின்கிறார்கள். நோய் கண்டவரோ சொற்பம். காரணம் என்ன? இக்கிருமி பற்றிக்கொள்ளும் இடம் பறவையின் குடலில் ஏராளம். மனிதனுக்கு நுரையீரலின் ஆழத்தில்தான் அதிகம். ஆகவே எளிதில் தொற்றாது. தொற்றினால் உயிருக்கே ஆபத்து. மனிதரிடமிருந்து மனிதருக்குச் சுலபமாகப் பரவுவதுமில்லை.

அப்படியானால் யாருக்கு வருகிறது? நோய்ப் பறவையை வளர்ப்பவர், அறுப்பவர், இறகு பிடுங்குபவர், எச்சம் அள்ளுபவர் ஆகியோருக்கே பெரும்பாலும் வருகிறது. 2024இல் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கும் பரவியது. அங்கு நோய் கண்ட சுமார் 70 பேரில் பெரும்பாலோர் பால்பண்ணை, கோழிப்பண்ணைத் தொழிலாளிகள். பண்ணை யாருடையதானாலும் நோய் முதலில் தொடுவது உழைக்கும் கையைத்தான்.

நம் கோழிகளை வெள்ளைக்கழிச்சலும் கொல்கிறது. கண்ணால் பார்த்து இன்ன நோய் என்று சொல்ல முடியாது. கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திடீரெனச் செத்தால் அறுக்காதீர்கள், விற்காதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். குழந்தைகளை அண்ட விடாதீர்கள். கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். தொட்டவருக்குக் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்தால், டாக்டரிடம் ‘செத்த கோழியைத் தொட்டேன்’ என்று தவறாமல் சொல்லவேண்டும். மருந்து உண்டு, ஆரம்பத்திலேயே கொடுத்தால்தான் நன்கு பலன் தரும். நல்ல கோழியின் கறியை நன்றாக வேகவைத்துத் தின்பதில் பயமில்லை.

சாகப்போகும் கோழியை ஏழை அறுப்பது இல்லாமையால். ‘தின்னாதே’ என்று சொன்னால் மட்டும் போதாது. நோயைத் தடுக்கச் சர்க்கார் அழிக்கும் கோழிகளுக்கு நஷ்டஈடு உண்டு. மத்திய, மாநில சர்க்கார்கள் அதைப் பாதிப்பாதி ஏற்கின்றன. அந்தப் பணம் பஞ்சாரத்துக் கோழிக்கும் காலத்தில் வந்து சேரவேண்டும். கோழி அழிக்கும் வேலைக்குப் போகும் கூலியாளுக்குக் கையுறையும் முகமூடியும் கொடுக்கவேண்டும். கிராம சபையில் இதை நாம் ஒன்றுபட்டுக் கேட்போம்!